கார்விங்கா, பம்பிங்கா? பின் ட்ரக்கைப் பார்த்து முடிவெடுங்கள்

லாங்போர்டு, அதாவது நீளமான ஸ்கேட்போர்டு, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டெக்கிலேயே, அதாவது நாம் நிற்கும் பலகையிலேயே, சிக்கிக்கொள்கிறார்கள். 38 அங்குலமா 42 அங்குலமா, மூங்கிலா மேப்பிளா என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். வளைந்து வளைந்து ஓட்டும் கார்விங்குக்கும், காலைத் தரையில் ஊன்றாமலே வேகம் கூட்டும் பம்பிங்குக்கும் டெக் இரண்டாம்பட்சம்தான். பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் என்ன ட்ரக் (சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் உலோகப் பாகம்) இருக்கிறது, அது எந்தக் கோணத்தில் நிற்கிறது, அதற்குள் என்ன புஷிங் (சாய்வைத் தாங்கும் யூரித்தேன் வளையம்) இருக்கிறது என்பவைதான் போர்டின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

கார்விங்கும் பம்பிங்கும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பின் ட்ரக்கிடம் நேரெதிரான வேலையைக் கேட்கின்றன. கார்விங்கில் பின் சக்கரங்களும் முன் சக்கரங்கள் அளவுக்குத் திரும்பினால்தான் வளைவு ஆழமாகவும் சீராகவும் விழும். பம்பிங்கில் முன் ட்ரக் திரும்ப, பின் ட்ரக் அதிகம் திரும்பாமல் தள்ள வேண்டும். பின்னும் அதே அளவு திரும்பினால், இடுப்பும் முழங்காலும் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி வால் ஆடுவதிலேயே போய்விடும். இரண்டையும் ஒரே போர்டில் முழுதாகப் பெற முடியாமல் போவது இதனால்தான். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே நாம் எடுக்க வேண்டிய முடிவு.

## எதை வைத்து எடை போடுவது

தூரமும் இடமும். பூங்காவின் சிமென்ட் தளம், கூடைப்பந்து மைதானம், வாகனம் வராத குடியிருப்புத் தெரு ஒரு வகை. பத்து கிலோமீட்டர் நேர்ச் சாலை இன்னொரு வகை. முதலாவதில் வளைவின் ஆரம் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டாவதில் ஒவ்வொரு அசைவும் எவ்வளவு முன்னே தள்ளுகிறது என்பதே கணக்கு.

வேகம். மணிக்கு 15 கிலோமீட்டரில் இன்பமாக இருக்கும் போர்டு, 30-இல் உயிருக்கு உலை வைக்கலாம். இறக்கம் உள்ள ஊரா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தரை. வழவழப்பான கான்கிரீட்டில் 65 மி.மீ. சக்கரம் போதும். ஜல்லி துருத்திய தார்ச் சாலையில் அதே சக்கரம் பாதி வேகத்தைத் தின்றுவிடும்.

உடல் எடை. புஷிங் தேர்வு முழுக்க இதைப் பொறுத்தது. நண்பரின் போர்டில் ஏறிப் பார்த்துவிட்டு அதையே வாங்கி ஏமாறுகிறவர்கள் பலர். நண்பர் உங்களைவிட 20 கிலோ கூடுதலாக இருந்தால், அது உங்களுக்கு வேறொரு போர்டு.

உதிரிப் பாகம். பொது அளவில் உள்ள பாகங்களா, அந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைப்பவையா? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிலையில், 5 டாலர் பாகத்துக்கு அதைவிடப் பெரிய அஞ்சல் செலவும் சுங்கமும் வரும்.

## கோணம் என்ன செய்கிறது

ட்ரக்கின் சுழல் அச்சு டெக்கோடு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுதான் சாய்வைத் திருப்பமாக மாற்றும் விகிதம். வடிவியல்படி கணக்கிட்டால் இப்படி வரும்:

| ட்ரக் கோணம் | போர்டு 10° சாய்ந்தால் ஆக்சில் திரும்புவது | 20° சாய்ந்தால் |
|---|---|---|
| 60° | சுமார் 17° | சுமார் 31° |
| 50° | சுமார் 12° | சுமார் 22° |
| 44° | சுமார் 9.5° | சுமார் 18° |
| 35° | சுமார் 7° | சுமார் 13.5° |
| 20° | சுமார் 3.5° | சுமார் 7° |

இதோடு வீல்பேஸையும், அதாவது முன் பின் ட்ரக்குகளுக்கு இடையிலான தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 70 செ.மீ. வீல்பேஸில் இரண்டு பக்கமும் 50° இருந்து, போர்டு 10° சாய்ந்தால் வளைவின் ஆரம் சுமார் 1.7 மீட்டர். பின் ட்ரக்கை மட்டும் 20°-க்கு இறக்கினால் அது 2.6 மீட்டராகிவிடும். பம்பிங் போர்டு வைத்திருப்பவர்கள் ‘இது சரியாகத் திரும்ப மாட்டேன் என்கிறதே’ என்று குறைப்பட்டுக்கொள்வதற்குக் காரணம் இந்த எண்தான். அது பழுது அல்ல; பம்பிங்குக்குக் கொடுக்கும் விலை.

## முதல் வழி: இரு பக்கமும் ஒரே ரிவர்ஸ் கிங்பின் ட்ரக்

கடையில் ‘லாங்போர்டு’ என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது இதுதான். ட்ரக்கின் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பெரிய போல்டான கிங்பின், போர்டின் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். ஆக்சிலைத் தாங்கும் பாகமான ஹாங்கர் 180 மி.மீ. அகலம், ட்ரக்கை டெக்கோடு இணைக்கும் அடித்தட்டான பேஸ்பிளேட் 50°. பாரிஸ், காலிபர் போன்ற ட்ரக்குகள் இந்த வகை. பாரிஸில் 43° பேஸ்பிளேட்டும் காலிபரில் 44° பேஸ்பிளேட்டும் தனியாகக் கிடைக்கின்றன. ராண்டல் ட்ரக்குக்கு 35° பேஸ்பிளேட் உண்டு. இந்தத் தகவல் பின்னால் பயன்படும்.

கார்விங்குக்கு இதைவிட நம்பகமான அமைப்பு இல்லை. சாயச் சாயச் சீராகத் திரும்பும், நடுநிலைக்குத் திரும்பும்போது துள்ளாது. சரியான புஷிங் போட்டால் இறக்கத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும். இந்த மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்றாவதுதான்.

டெக்கில் ட்ரக்கைப் பொருத்தும் விதத்தில் இரண்டு வகை உண்டு. டாப்மவுண்டில் ட்ரக் டெக்கின் அடியில் நிற்கும்; நீங்கள் உயரமாக நிற்பதால் நெம்பும் விசை கூடும், கார்விங் கூர்மையாக இருக்கும். ட்ராப்-த்ரூவில் பேஸ்பிளேட் டெக்கின் துளை வழியே மேலே ஏறி உட்காரும்; உயரம் ஏறக்குறைய 2 செ.மீ. குறையும், காலால் தள்ளுவதும் பிரேக் பிடிப்பதும் எளிது, சக்கரம் டெக்கில் உரசும் தொல்லையும் குறைவு. ஆனால் அந்தத் துளையோரத்தில் ஆப்பு ரைசர் (ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் வைக்கும் சாய்வான தட்டு) வைப்பது கடினம் என்பதால், பின்னாளில் கோணத்தை மாற்ற நினைப்பவர் டாப்மவுண்டையே எடுக்கட்டும்.

பம்பிங்? முடியும், ஆனால் நின்ற இடத்திலிருந்து அல்ல. மூன்று நான்கு தள்ளல் கொடுத்து ஓட விட்டு, பிறகு அந்த வேகத்தைத் தக்கவைக்கலாம். லோடட் நிறுவனத்தின் இகாரஸ், டெர்விஷ் சாமா போன்ற மூங்கில்–கண்ணாடியிழை டெக்குகள் நடுவில் மேல்நோக்கி வளைந்து, அழுத்தும்போது கீழிறங்கி, விடும்போது எழும்பி உதவும். இவற்றில் எடைக்கேற்ப நெகிழ்வு எண் உண்டு. உங்கள் எடைக்கு மென்மையான எண்ணை எடுத்தால் டெக் நடுவில் தொய்ந்து, எழும்பும் விசை கிடைக்காது. கடினமானதை எடுத்தால் வெறும் பலகை.

மறைந்திருக்கும் செலவு புஷிங்தான். போர்டோடு வருபவை சராசரி எடைக்காரருக்கு இறுக்கமாகவே இருக்கும். ஒரு ட்ரக்குக்கு இரண்டு, மொத்தம் நான்கு வாங்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள்.

இரட்டைக் கிங்பின் ட்ரக்கைப் பற்றியும் கேட்பார்கள். கல்விங் சைட்வைண்டர் அதில் தெரிந்த பெயர். அது மிக ஆழமாகத் திரும்பும், மெதுவான வேகத்தில் விளையாட நன்றாக இருக்கும். கனம் அதிகம், புஷிங் எண்ணிக்கையும் இரட்டிப்பு. வேகத்தில் அதன் மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது. முன்னால் மட்டும் அதைப் போட்டுப் பின்னால் சாதாரண ட்ரக்கை விடுவது உண்டு. இரண்டு பக்கமும் போட்டுப் பம்ப் செய்ய நினைப்பது வீண்.

## இரண்டாம் வழி: சர்ஃப்ஸ்கேட்

அலை இல்லாத நாளில் சர்ஃபிங் பழக வேண்டும் என்ற தேவையில் பிறந்தது இது. 1996-இல் கலிஃபோர்னியாவின் வெனிஸில் கிரெக் ஃபால்க்கும் நீல் கார்வரும் தொடங்கிய கார்வர் நிறுவனம்தான் இதற்கு வழி வகுத்தது. கோவளத்திலோ அறுகம்பேயிலோ அலைக்குப் போகிறவர்கள் தரையில் பழகவும் இதுவே பொருத்தம்.

வீல்பேஸ் குட்டை, பெரும்பாலும் 40 முதல் 50 செ.மீ. வரை. முன் ட்ரக் சாய்வதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் ஆடும். பின் ட்ரக் இறுக்கமானது. அதாவது நாம் முதலில் சொன்ன ‘முன் திரும்பட்டும், பின் தள்ளட்டும்’ என்ற விதியின் மிகத் தீவிரமான வடிவம் இதுதான். நின்ற இடத்திலிருந்து தோளையும் இடுப்பையும் திருப்பியே ஓடத் தொடங்கலாம்.

கார்வரிலேயே இரண்டு முன் ட்ரக்குகளுக்கு இடையில் திணறுகிறார்கள். சி7-இல் தனிக் கையும் ஸ்பிரிங்கும் உண்டு. ஆட்டம் அகலமாக, ஓட்டம் அலைமேல் போவது போல மென்மையாக இருக்கும். சிஎக்ஸில் ஸ்பிரிங் இல்லை, அது கூர்மையாக்கப்பட்ட ரிவர்ஸ் கிங்பின். எடை குறைவு, பம்பிங் வேகமாகப் பிடிக்கும், பராமரிப்பும் குறைவு. சர்ஃபிங் பழகுவதே நோக்கம் என்றால் சி7. தெருவில் ஓட்டவும் வேண்டும் என்றால் சிஎக்ஸ். ஸ்பெயினைச் சேர்ந்த யாவ் ட்ரக்குகளும் ஸ்பிரிங் வகைதான். வாட்டர்போர்ன் அடாப்டர் வேறொரு யோசனை: அது தனி ட்ரக் அல்ல, உங்கள் பழைய ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் மாட்டும் ஆடும் தட்டு. செலவு குறைவு, ஆனால் உயரம் கூடிவிடும்.

குறைகளைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் முன் ட்ரக் தானாக நடுங்கத் தொடங்கினால் அதை அடக்க வழியில்லை. நீண்ட தூரத்துக்குக் குட்டை வீல்பேஸ் தொடைகளைச் சீக்கிரம் களைப்பாக்கும். உயரமான பலகையில் ஒற்றைக்காலில் நின்று மறுகாலால் பிரேக் பிடிக்கும்போது முன் ட்ரக் மடங்கப் பார்க்கும். ஸ்பிரிங் வகையில் கடற்கரை மணல் உள்ளே போனால் கிறீச்சிடும். கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும். தேயும் ஸ்பிரிங்கும் உட்பேரிங்கும் அந்தந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும். மறைந்திருக்கும் செலவு அங்கேதான்.

## மூன்றாம் வழி: நெடுந்தூரப் பம்பிங் போர்டு

மூன்றிலும் விவரம் அதிகம் தேவைப்படுவது இதற்குத்தான். கடையில் முழுப் போர்டாக அரிதாகவே கிடைக்கும். பாகம் பாகமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். புளோரிடாவின் ஹோம்ஸ்டெட்-மியாமி பந்தயத் தளத்தில் நடந்துவரும் 24 மணி நேர அல்ட்ராஸ்கேட்டில், முன்னணி வீரர்கள் ஒரே நாளில் 300 மைலுக்கு மேல், அதாவது சுமார் 480 கிலோமீட்டர், ஓடியிருக்கிறார்கள். தள்ளுவதையும் பம்ப் செய்வதையும் மாற்றி மாற்றிச் செய்தால்தான் கால்கள் அவ்வளவு நேரம் தாங்கும். அதற்காக உருவானதே இந்த அமைப்பு.

முன் ட்ரக். குறுகலானது, அதிகக் கோணம் கொண்டது. பழைய நம்பகமான தேர்வு பென்னட் வெக்டார் 5.0. இது ட்ரெடிஷனல் கிங்பின் வகை (கிங்பின் போர்டின் நடுவைப் பார்த்து நிற்கும்), 1970-களின் வடிவமைப்பு, அதன் பிளாஸ்டிக் பேஸ்பிளேட் இலேசானது. நடுப்புள்ளியில் துடிப்பாக இருப்பதால் மிகச் சிறு அசைவுக்கும் முன்பக்கம் திரும்பிவிடும். பலவீனம் அந்தப் பேஸ்பிளேட்தான். கடினமான மேடுகளில் விழுந்து விழுந்து வெடிப்பு விடலாம், மாதம் ஒருமுறை அடியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் டோன்ட் ட்ரிப் நிறுவனத்தின் பாப்பி போன்ற இயந்திரத்தில் கடைந்த ட்ரக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஆட்டம் இருக்காது, விலை பல மடங்கு.

பின் ட்ரக். 20° முதல் 35° வரை. பென்னட்டுக்குப் பின்னால் ட்ராக்கர் ஆர்டி வரிசை ட்ரக்கைப் போடுவது இந்த வட்டத்தில் வழக்கமான ஜோடி. ரிவர்ஸ் கிங்பின்னிலேயே இருக்க விரும்பினால் ராண்டலின் 35° பேஸ்பிளேட். பின் கோணத்தை மிகவும் இறக்கினால் நேர்ச் சாலையில் அற்புதமாக ஓடும், நடைபாதைத் திருப்பத்தில் இறங்கித் தூக்கித் திருப்ப வேண்டியிருக்கும். முதல் அமைப்புக்கு 30° சுற்றி வைப்பது நல்லது.

வீல்பேஸ். 60 முதல் 70 செ.மீ. இதைவிடக் குட்டையானால் அசைவு வேகமாகவும் களைப்பாகவும் இருக்கும். நீண்டால் ஒவ்வொரு பம்பும் சோம்பலாகும்.

பிராக்கெட். ஜிபாம்ப் போன்ற நிறுவனங்கள் டெக்கின் முனையில் நீட்டி மாட்டும் அலுமினியத் தாங்கிகள் செய்கின்றன. டெக் தாழ்வாக இருக்கும், சக்கரம் டெக்குக்கு அடியிலேயே வராததால் உரசல் இல்லை, 85 மி.மீ. சக்கரத்தையும் போடலாம். டெக் தாழ்ந்திருப்பதால் காலால் தள்ளுவது சுகம். குறை என்னவென்றால் வேகத்தடையில் அடி தட்டும். நம் தெருக்களில் உயரமான வேகத்தடைகள் அடுக்கடுக்காக உண்டு என்பதால், இங்கே ஓட்டுபவர் பிராக்கெட்டுக்கு முன் இரண்டு தடவை யோசிக்கட்டும்.

இந்த அமைப்பின் மறைந்த செலவு பணமும் நேரமும். 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல், முன் புஷிங்கும் ஆப்பும் உங்கள் உடலுக்குப் பழகும்வரை மாற்றி மாற்றிப் பார்க்கப் பல மாலைகள் போகும். அந்த வேலை பிடிக்காதவருக்கு இது ஏற்றதல்ல.

## நான்காம் வழி: கையில் இருக்கும் போர்டை மாற்றுவது

டாப்மவுண்ட் ரிவர்ஸ் கிங்பின் போர்டு ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. செலவு புதுப் போர்டில் ஒரு சிறு பங்குதான். பம்பிங் உங்களுக்குப் பிடிக்குமா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

1. 10° ஆப்பு ரைசர் இரண்டு வாங்குங்கள். இவற்றின் ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிது.
2. முன் ட்ரக்: ஆப்பின் தடித்த முனை போர்டின் நடுவைப் பார்க்க வேண்டும். 50° ட்ரக் 60° ஆகிவிடும்.
3. பின் ட்ரக்: தடித்த முனை வாலைப் பார்க்க வேண்டும். 50° ட்ரக் 40° ஆகும். திசை மாறிவிட்டால் எல்லாம் தலைகீழ். பின்பக்கம் துள்ளி முன்பக்கம் மந்தமாகி, ஓட்டவே முடியாது. மாட்டியதும் தரையில் வைத்துச் சாய்த்து, முன் சக்கரம் பின்னதைவிட அதிகம் திரும்புகிறதா என்று கண்ணால் உறுதிசெய்யுங்கள்.
4. போல்ட் இரண்டு நீளத்தில் வேண்டும். மெலிந்த பக்கத்துக்கு 1¼ அங்குலம், தடித்த பக்கத்துக்கு 1¾ அங்குலம் பெரும்பாலும் பொருந்தும். நட்டுக்கு வெளியே இரண்டு புரி தெரிய வேண்டும்.
5. பேஸ்பிளேட் சாய்ந்து நிற்பதால் நட்டு ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். வாஷர் வைத்து, நான்கையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் டெக்கில் வெடிப்பு விழும்.
6. முன் புஷிங்கை ஒரு படி மென்மையாகவும், பின் புஷிங்கை ஒரு படி கடினமாகவும் மாற்றுங்கள்.

கோணம் 60°-ஐ எட்டிய முன் ட்ரக் மெதுவான வேகத்துக்கு மட்டுமே. இந்த அமைப்போடு இறக்கத்தில் போகாதீர்கள். ஆப்பு வாங்க முடியாதவர், ஆறாவது படியை மட்டும் செய்தாலே வித்தியாசத்தை உணர்வார்.

## புஷிங்: சிறிய பாகம், பெரிய முடிவு

புஷிங்கின் கடினம் 78ஏ, 85ஏ என்ற எண்ணில் குறிக்கப்படும். எண் ஏற ஏறக் கடினம். 50° ரிவர்ஸ் கிங்பின் ட்ரக்கில் தொடங்குவதற்கு:

| உடல் எடை | கார்விங், இரு பக்கமும் | பம்பிங்: முன் | பம்பிங்: பின் |
|---|---|---|---|
| 50–60 கிலோ | 78–80ஏ | 75–78ஏ | 83–85ஏ |
| 60–75 கிலோ | 80–85ஏ | 78–81ஏ | 87–90ஏ |
| 75–90 கிலோ | 85–90ஏ | 81–85ஏ | 90–93ஏ |

இது தொடக்கம் மட்டுமே. நிறுவனத்துக்கு நிறுவனம் யூரித்தேன் கலவை மாறும், ஒரே எண்ணே வேறு மாதிரி உணர்த்தும். வடிவத்தில் கூம்பு சுலபமாகச் சாயும், பீப்பாய் சீராகத் தாங்கும். முன்னால் டெக் பக்கம் பீப்பாய், தரைப் பக்கம் கூம்பு; பின்னால் இரண்டும் பீப்பாய் என்பது பாதுகாப்பான தொடக்கம். கிண்ண வாஷரைக் கழற்றித் தட்டை வாஷர் போட்டால் மேலும் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, மென்மையான புஷிங்கை நட்டால் நசுக்கிக் கடினமாக்குவது. நசுங்கிய புஷிங் ஓரங்களில் பிதுங்கி, நடுவில் விறைத்து, பிறகு சட்டென்று விழும். வாஷர் கையால் சுழலாத அளவுக்கு நட்டை முறுக்கி, அதற்குமேல் அரைச் சுற்று, அதுவே போதும். அதற்கு மேலும் இறுக்கத் தோன்றினால் அடுத்த எண்ணை வாங்க வேண்டும் என்று பொருள். சூட்டில் யூரித்தேன் இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள்: மார்கழிக் காலையில் சரியாக இருந்த புஷிங், சித்திரை மதியத்தில் தொளதொளக்கும்.

## சக்கரம், பேரிங், ஸ்பேனர்

கார்விங்குக்கு 65–75 மி.மீ., 78ஏ–80ஏ. நெடுந்தூரப் பம்பிங்குக்கு 75–85 மி.மீ., அதே கடினம். பம்ப் செய்யும்போது ஒவ்வொரு அசைவிலும் சக்கரத்தின் மேல் பக்கவாட்டு விசை விழுகிறது. ஓரம் உருண்டையான சக்கரம் அங்கே நழுவி, உங்கள் உழைப்பை வீணாக்கும். ஆகவே கூர்மையான ஓரம் கொண்டது வேண்டும். ஒராங்குடாங்கின் 75 மி.மீ. இன் ஹீட், 80 மி.மீ. கேகல் இரண்டும் இந்த வகை. அந்த நிறுவனத்தில் நிறமே கடினத்தைச் சொல்லும்: நீலம் 77ஏ, ஆரஞ்சு 80ஏ. ஜல்லிச் சாலைக்கு நீலம், வழவழப்பான தரைக்கு ஆரஞ்சு.

பெரிய சக்கரம் போட்டால் உரசல் பரிசோதனை கட்டாயம். போர்டின் ஓரத்தில் முழு எடையோடு நின்று சாயுங்கள். சக்கரம் டெக்கைத் தொட்டால் ஓட்டத்தில் சக்கரம் சட்டென்று நின்று, நீங்கள் முன்னே தூக்கி எறியப்படுவீர்கள். 3 மி.மீ. அல்லது 6 மி.மீ. ரைசர் வைத்து, மறுபடியும் பாருங்கள்.

பேரிங்கில் பணத்தைக் கொட்டாதீர்கள். எல்லா லாங்போர்டிலும் ஒரே 608 அளவுதான்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. ஊரில் உள்ள எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் 10 மி.மீ. ஸ்பேசர் வைக்க மறக்கக் கூடாது. அது இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் அழுந்தி, நாளடைவில் உள்வளையம் கெடும்.

ட்ரக்கின் நட்டுகள் அங்குல அளவு: டெக் போல்டுக்கு 3/8, ஆக்சிலுக்கு 1/2, கிங்பின்னுக்கு 9/16. வீட்டிலுள்ள மெட்ரிக் ஸ்பேனரில் 13 மி.மீ. ஆக்சில் நட்டுக்குத் தக்க வைத்துக்கொள்ளலாம். கிங்பின் நட்டுக்கு 14 நுழையாது, 15 நழுவி முனைகளை உருட்டிவிடும். அதற்கு மட்டும் சரியான 9/16 ஸ்பேனரோ ஸ்கேட் டூலோ வாங்கிவிடுங்கள்.

## நால்வழியும் ஒரே பார்வையில்

| | ரிவர்ஸ் கிங்பின் | சர்ஃப்ஸ்கேட் | நெடுந்தூரப் பம்பிங் | மாற்றியமைத்தது |
|---|---|---|---|---|
| கார்விங் | மிக நன்று, எல்லா வேகத்திலும் | மெதுவான வேகத்தில் அற்புதம் | சுமார் | நன்று |
| நின்ற இடத்திலிருந்து பம்பிங் | கடினம் | மிக எளிது | பழகினால் எளிது | ஓரளவு |
| 5 கிலோமீட்டருக்கு மேல் | தள்ளிக்கொண்டே போகலாம் | களைப்பு | இதன் வேலையே அது | தாங்கும் |
| இறக்கம் | ஏற்றது | கூடாது | கவனம் | கூடாது |
| உதிரிப் பாகம் | எங்கும் பொதுவானது | நிறுவனத்திடம் மட்டும் | பகுதி பொதுவானது | பொதுவானது |
| தோராய விலை | 150–250 டாலர் | 200–300 டாலர் | 400 டாலருக்கு மேல் | ஆப்பு, புஷிங், போல்ட் செலவு மட்டும் |

விலைகள் போர்டுக்கு மட்டும்; வரவழைக்கும் செலவும் தலைக்கவசமும் தனி.

## யாருக்கு எது

முதல் போர்டு, ஊரில் ஏற்ற இறக்கம், இரண்டு ஓட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்க ஆசை: டாப்மவுண்ட் ரிவர்ஸ் கிங்பின், 70 மி.மீ. சக்கரம், எடைக்கேற்ற புஷிங். ஆறு மாதம் கழித்துப் பம்பிங் இழுத்தால் அதே போர்டில் ஆப்பு வைக்கலாம்.

சர்ஃபிங் பழகுகிறவர், அல்லது மொட்டை மாடி, மைதானம் என்று சின்ன இடத்தில் மட்டும் ஓட்டப்போகிறவர்: சர்ஃப்ஸ்கேட். இதைக் கொண்டு அலுவலகம் போய்வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

நீண்ட, சமதளமான, போக்குவரத்து குறைந்த சாலை வீட்டருகே இருந்து, கருவியைப் பிரித்துப் பூட்டுவதில் ஈடுபாடும் உள்ளவர்: நெடுந்தூரப் பம்பிங் போர்டு. முதல் பின் ட்ரக்காக 30°–35°, பிராக்கெட் பின்னாளில்.

இரண்டாம் கைப் போர்டு வாங்குவதாக இருந்தால், ஹாங்கரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புஷிங்கைத் தாண்டிப் பிவட் கோப்பையில் (ஹாங்கரின் முனை உட்காரும் சிறு கோப்பை) தொளதொளப்பு இருந்தால் கோப்பையை மாற்ற வேண்டும், சிறு செலவுதான். கிங்பின் வளைந்திருந்தாலோ, ஆக்சிலில் போட்ட சக்கரம் சுழலும்போது பக்கவாட்டில் அலைந்தாலோ, ஹாங்கரின் வளையத்தில் கோடு விழுந்திருந்தாலோ அந்த ட்ரக்கை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும். டெக்கை இருபக்கமும் கைகளால் முறுக்கிப் பாருங்கள்: அடுக்குகள் பிரிந்த பலகை கறகறவென்று சத்தம் கொடுக்கும், அதில் பம்ப் செய்யும் விசை சக்கரம்வரை போய்ச் சேராது.